நன்கொடைப் பொத்தானுக்கு அப்புறம்

“தம்பி, பணம் கொடுக்கத்தான் கூப்பிடுறேன். உங்க பக்கம் வாங்க மாட்டேங்குதே!”

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மாலையில் வந்த அழைப்பு அது. பேசியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. அங்கே இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சம்பளம் கிடையாது, வார இறுதிகளில் மட்டும். அந்த அம்மா மூன்று முறை முயன்றிருக்கிறார். மூன்று முறையும் ஏதோ ஓர் இடத்தில் நின்றுபோயிருக்கிறது. பிறகு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

அவர் விடாமல் கூப்பிட்டதை நினைத்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை. கூப்பிடாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணம்தான் அன்றிரவு முழுக்க ஓடியது.

அதுவரை எங்கள் கூட்டங்களில் நிதி என்று பேச்செடுத்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும்: “நம்மை இன்னும் நிறையப் பேருக்குத் தெரியணும்.” அதற்காக வீடியோ எடுக்கலாம், விளம்பரம் கொடுக்கலாம், பிரபலம் யாரையாவது பேசச் சொல்லலாம் என்று போகும். வாசல் வரை வந்தவர் ஏன் திரும்பிப் போனார், ஒரு முறை கொடுத்தவர் ஏன் மறுபடி வரவில்லை என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது. இரண்டாவதுதான் பெரிது.

முதலில் வாசல். அடுத்த வாரமே தெரிந்தவர்கள் ஐந்து பேரை வரவழைத்து, அவரவர் ஃபோனில் எங்களுக்கு நன்கொடை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் நான் செய்ய வேண்டியது. எங்கே மாட்டிக்கொண்டாலும் உதவக்கூடாது. ஒருவர் தொகையை அடிக்கப் போனார், எண்களுக்குப் பதில் எழுத்துப் பலகை வந்தது. இன்னொருவர் தொகையில் கமா போட்டார். ‘தவறான உள்ளீடு’ என்றது படிவம். எது தவறு என்று சொல்லவில்லை. மூன்றாமவர் ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் புதிதாகத் திறந்துகொண்டு, அடித்ததெல்லாம் அழிந்திருந்தது. நான்காமவர் பணம் செலுத்தும் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். நிறம் வேறு, எழுத்து வேறு, எங்கள் பெயரே அங்கே இல்லை. “இது உங்களோடதுதானா?” என்று என்னைப் பார்த்தார். ஐந்தாமவர் ஒருவர்தான் முடித்தார். அவர் மென்பொருள் துறைக்காரர்.

படிவத்தில் 14 கட்டங்கள் இருந்தன. பிறந்த தேதி, முழு முகவரி, எங்களைப் பற்றி எப்படித் தெரியும், கணக்குத் தொடங்கக் கடவுச்சொல். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் நல்ல காரணத்துக்காகத்தான் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து, இது இல்லாவிட்டால் பணம் வந்து சேராதா என்று கேட்டுக்கொண்டே போனோம். நான்கு மிஞ்சின. மற்றதில் தேவையானதைப் பணம் வந்து சேர்ந்த பிறகு நன்றிப் பக்கத்தில் கேட்டோம். சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள்.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. எங்கள் ஒலிநூல்களைக் கேட்டுப் படித்து வேலைக்குப் போன ஒரு மாணவி, முதல் சம்பளத்தில் எங்களுக்குக் கொஞ்சம் அனுப்ப நினைத்திருக்கிறாள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியாக எங்கள் படிவத்தைத் திறந்தால் ‘கட்டம், கட்டம், கட்டம்’ என்று மட்டும் கேட்டிருக்கிறது. எந்தக் கட்டத்துக்கும் உள்ளே பெயர்ச்சீட்டு எழுதப்படவில்லை. கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியாது, காதால் கேட்பவருக்கு அதுதான் எல்லாமே. கடைசியில் போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு சோதனை வேறு. பார்வையற்றவர்களுக்காக நடக்கும் ஒரு நிறுவனத்தின் கதவு பார்வையற்ற ஒருத்திக்குத் திறக்கவில்லை. நண்பர் ஒருவரின் கணக்கு வழியாகப் பணத்தை அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில்தான் இதைச் சொன்னாள். அன்று மாலையே உட்கார்ந்து அத்தனை கட்டங்களுக்கும் பெயர் எழுதினேன். ஒரு மணி நேர வேலை. அவ்வளவுதான்.

கதவை எளிதாக்கினால் எல்லோருக்கும் எளிதாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். படிவத்தைச் சுருக்கிய மூன்றாவது மாதம், ஒரு காலையில் நானூறுக்கும் மேற்பட்ட நன்கொடை முயற்சிகள் வந்திருந்தன. எல்லாம் மிகச் சிறிய தொகை. எங்கள் செய்தி எங்கோ பரவிவிட்டது என்று குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம். மதியத்துக்குள் உண்மை தெரிந்தது. திருட்டுக் கார்டு எண்களை மொத்தமாக வாங்கும் கும்பல்கள், எந்தக் கார்டு இன்னும் உயிரோடிருக்கிறது என்று பார்க்க நன்கொடைப் பக்கங்களைத்தான் தேடி வருகிறார்கள். எவ்வளவு சிறிய தொகையும் செல்லும், எந்தப் பொருளையும் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை, சின்ன நிறுவனம் என்றால் இரவில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்தால் பணம் திரும்பப் போகும், அதற்குத் தண்டக் கட்டணமும் நம் தலையில் விழும், இணையத்தில் பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் நம் கணக்கையே நிறுத்தி வைக்கும். எங்களுக்கு மூன்றும் நடந்தது.

அதற்கப்புறம் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்தோம். ஒரே இடத்திலிருந்து சில நிமிடங்களுக்குள் பல முயற்சிகள் வந்தால் தானாகத் தடுக்கும்படி செய்தோம். சந்தேகமான நடத்தைக்கு மட்டும் சோதனை எழும். மற்றவர்கள் கண்ணில் அது படாது. தோல்வியடைந்த முயற்சிகள் திடீரென்று கூடினால் என் ஃபோனுக்குச் செய்தி வரும். சிறு நிறுவனம் நடத்துகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதை முதல் நாளே செய்துவிடுங்கள். சந்தேகமான பணம் வந்திருந்தால் புகார் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, கேட்பது எப்படி?

இதில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு உண்டு. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூவர் 2007இல் வெளியிட்டது. ஒரு கருத்தாய்வில் கலந்துகொண்டதற்காக 5 டாலர் பெற்றவர்களிடம், அதிலிருந்து விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஒரு பிரிவினருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியின் கதை. இன்னொரு பிரிவினருக்குப் பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் இருப்பதாகச் சொல்லும் புள்ளிவிவரம். சிறுமிக்குச் சராசரியாக 2.38 டாலர் வந்தது, புள்ளிவிவரத்துக்கு 1.14 டாலர். இதுவரை யாரும் ஊகிக்கக்கூடியதுதான். மூன்றாவது பிரிவினருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்தது 1.43 டாலர். கதையோடு பெரிய எண்ணையும் வைத்தால் கதையின் பலம் குறைந்துபோகிறது.

எங்கள் முகப்புப் பக்கம் அப்போது முழுக்க எண்கள். எத்தனை மணி நேரப் பதிவு, எத்தனை நூல்கள், எத்தனை மாணவர்கள் என்று. அதை எடுத்துவிட்டு, ஒரே ஒரு மாணவனின் ஒரே ஒரு தேர்வுக்காலத்தை எழுதினோம். நன்கொடை கூடியது.

கூடியதால் நாங்கள் தவறும் செய்தோம். அடுத்த வருடம் ஒரு மாணவியின் படத்தையும் பெயரையும் போட்டோம். அவள் சம்மதத்தோடுதான். வாசகங்களை அழுத்தமாக எழுதினோம். அவள் வீட்டு வறுமை, அவள் இருட்டு, அவள் கண்ணீர் என்று. மூன்று வருடம் கழித்து அவள் எழுதினாள்: “அண்ணா, வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் பெயரைத் தேடினால் முதலில் உங்கள் பக்கம்தான் வருகிறது. அதில் இருப்பது நான் இல்லை.” அன்றே நீக்கினோம். மன்னிப்பும் கேட்டேன். பதினாறு வயதில் உதவி செய்கிறவர்கள் முன்னால் நின்று ஒரு பெண் கொடுக்கும் சம்மதத்தில் எவ்வளவு சம்மதம் இருக்கும் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். இப்போது பெயரை மாற்றுகிறோம், முகத்தைக் காட்டுவதில்லை, எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டுகிறோம், வருடா வருடம் மறுபடி கேட்கிறோம். கண்ணீரை விட்டுவிட்டு அவர்கள் என்ன படிக்கிறார்கள், எந்தப் பாடம் பிடிக்கும், எது பிடிக்காது என்று எழுதுகிறோம். இப்படி எழுதினால் கொஞ்சம் குறைவாக வரலாம். வரட்டும்.

கதை சொல்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கீவா என்ற அமைப்பு 2005இல் தொடங்கியது. ஒரு சிறு தொழில் செய்பவரின் படத்தைப் பார்த்து, அவருக்கே நீங்கள் கடன் கொடுப்பது போன்ற அமைப்பு அதன் பக்கத்தில் இருந்தது. உண்மையில் பெரும்பாலும் அந்தக் கடனை உள்ளூர் நிதி நிறுவனம் முன்பே கொடுத்து முடித்திருக்கும். 2009 அக்டோபரில் டேவிட் ரூட்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதை விளக்கி எழுதியதும் பெரிய விவாதம் எழுந்தது. கீவா தன் வாசகங்களை மாற்றி, பணம் போகும் வழியைத் தெளிவாகச் சொல்லத் தொடங்கியது. அதன் முறையில் தப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை, கடன் முன்னதாகவே கிடைப்பது வாங்குபவருக்கு நல்லதுதான். ஆனால் கொடுப்பவர் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்க, நடப்பது வேறாக இருந்தது. ‘இந்தத் தொகை இந்த மாணவனுக்கு’ என்று நாங்களும் எழுதிக்கொண்டிருந்தோம், பணமோ பொதுக் கணக்குக்குத்தான் போனது. ‘இவனைப் போன்ற மாணவர்களுக்கு’ என்று மாற்றினோம்.

நிர்வாகச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மறைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் யூரி நீசியும் அவருடன் இருவரும் எழுதிய ஆய்வில், 40,000 பேருக்கு வெவ்வேறு விதமாக வேண்டுகோள் அனுப்பினார்கள். நிர்வாகச் செலவை ஒரு பெரிய கொடையாளர் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டார், நீங்கள் தருவது முழுக்கத் திட்டத்துக்கே என்று சொன்ன கடிதத்துக்குத்தான் அதிகம் வந்தது. அப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒலிப்பதிவுக் கருவி, சேமிப்பு இடம், ஒரே ஒரு முழுநேர ஊழியரின் சம்பளம் எல்லாவற்றையும் வரிவரியாகப் போட்டுவிட்டோம். ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நீங்கள் ஒன்று கொடுத்தால் இன்னொருவர் அதே அளவு கொடுப்பார் என்னும் ஈட்டுக்கொடை உத்தியும் பயன் தரும். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 2007இல் காட்டியதன்படி, ஒன்றுக்கு ஒன்று என்பதே போதும். ஒன்றுக்கு மூன்று என்று ஏற்றினாலும் கூடுதலாக எதுவும் வருவதில்லை. ஆனால் அந்த இன்னொருவர் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. கொடுத்தவர் ஏன் மறுபடி வரவில்லை?

எங்கள் பதிவேட்டைப் பிரித்து உட்கார்ந்தபோது, முதல் முறை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த வருடம் இல்லை என்று தெரிந்தது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இன்னும் பெரிய குடம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அவர்களுக்கு நாங்கள் என்ன அனுப்பினோம் என்று பார்த்தேன். பணம் கொடுத்த அடுத்த நொடி ஒரு தானியங்கி மின்னஞ்சல்: ‘உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது. குறிப்பு எண் இது.’ அதற்கப்புறம் பதினோரு மாதம் மௌனம். பன்னிரண்டாவது மாதம், ‘மீண்டும் உதவுங்கள்.’ ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் இப்படி நடந்துகொண்டால் அந்த உறவு எத்தனை நாள் நிற்கும்?

நன்றி சொன்னால் போதும் என்று இதற்கு ஒரு பதில் வழக்கத்தில் இருக்கிறது. நானும் அதை நம்பி, கொடுத்தவர்களுக்கு ஃபோன் செய்து நன்றி சொல்லும் திட்டத்தைத் தொடங்க இருந்தேன். அந்த நேரத்தில்தான் அன்யா சாமெக், சக் லாங்ஃபீல்ட் இருவரின் ஆய்வைப் படித்தேன். ஆறு வருடங்களில் சுமார் ஐந்து லட்சம் கொடையாளர்களை வைத்துச் செய்தது. நன்றி சொல்லி அழைப்பு வந்தவர்களும் வராதவர்களும் பின்னால் கொடுத்ததில் வித்தியாசமே இல்லை. துறையில் பழுத்தவர்கள் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு யோசித்துப் பார்த்தால் புரிந்தது. முகம் தெரியாத ஒருவர் கூப்பிட்டு நன்றி என்று சொன்னால், கொடுத்தவருக்கு அதில் புதிதாக என்ன தெரியவந்தது? தன் பணம் என்ன ஆனது என்று அவருக்கு அப்போதும் தெரியாது. நன்றியை நாங்கள் நிறுத்தவில்லை. சொல்ல வேண்டியதால் சொல்கிறோம், திரும்பி வருவார்கள் என்பதற்காக இல்லை. அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தோம், கணக்கு.

பணக் கணக்கு மட்டும் இல்லை, நடந்ததின் கணக்கு. 2014 கோடையில் தலையில் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்ட ஐஸ் பக்கெட் சவாலை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்காவில் இயங்கும் சங்கத்துக்குச் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் வந்தது. அந்த அலை அடுத்த வருடம் அப்படித் திரும்பவில்லை. அலை அப்படித் திரும்பாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 2016இல் நடந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த மரபணு ஆராய்ச்சியில் நோயோடு தொடர்புள்ள என்இகே1 என்ற மரபணு தெரியவந்தது. சங்கம் அதை எல்லோருக்கும் சொன்னது. தண்ணீர் கொட்டிக்கொண்டவர்களுக்கு, நீங்கள் விளையாடிய விளையாட்டு இதற்கு உதவியது என்று செய்தி போய்ச் சேர்ந்தது.

எங்களிடம் மரபணு இல்லை. அத்தியாயங்கள் இருந்தன. பணம் வந்து ஆறு வாரத்துக்குள், அந்தக் காலத்தில் எந்த நூலின் எந்த அத்தியாயம் பதிவாகி முடிந்தது, வாசித்த தன்னார்வலருக்கு எந்த இடம் கஷ்டமாக இருந்தது என்று ஒரு சின்ன மடல் எழுத ஆரம்பித்தோம். கூடவே அரை நிமிட ஒலித்துண்டு. அந்த மடலில் பணம் கேட்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டோம். நன்கொடைப் பொத்தானைக்கூட எடுத்துவிட்டோம். குழுவில் இதற்குச் சண்டையே நடந்தது. அனுப்புகிற மடலில் ஒரு பொத்தான் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றார்கள். பொத்தான் இருந்தால் அதற்கு மேலே எழுதியதெல்லாம் பொத்தானுக்கான முன்னுரையாகிவிடும் என்பது என் கட்சி. ஒரு வருடம் செய்து பார்ப்போம் என்றார்கள். இன்றுவரை பொத்தான் திரும்ப வரவில்லை.

மடல் போய்ச் சேர்கிறதா என்பது தனிக்கதை. ஒரு வருடக் கடைசியில் எங்கள் மடல்களில் பாதி ஸ்பேமில் விழுந்தன. அனுப்புவது நாங்கள்தான் என்று நிரூபிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் எங்கள் டொமைனில் யாரும் செய்திருக்கவில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன; ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணையும் நான் இப்போது நம்புவதில்லை. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, யாரும் படிக்காத மடலையும் திறந்ததாகக் காட்டும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பார்க்கிறேன். பதில் எழுதும் முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும், ‘இதற்குப் பதில் அனுப்பாதீர்கள்’ என்ற முகவரியிலிருந்து அல்ல.

மாதாமாதம் கொடுப்பவர்களை ஒரு நிறுவனத்தின் முதுகெலும்பு என்பார்கள், சரிதான். அவர்களில் பலர் மனம் மாறி நிறுத்துவதில்லை. கார்டு காலாவதியாகிறது, வங்கி மறுக்கிறது, யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை, அப்படியே போய்விடுகிறது. காலாவதியாகும் மாதத்துக்கு முன்பே எழுதுங்கள். ஒரு முறை மறுத்தால் சில நாள் கழித்து இன்னொரு தேதியில் முயலுங்கள். நிறுத்த விரும்புகிறவருக்கு நிறுத்தும் பொத்தானை ஒளித்து வைக்காதீர்கள். பக்கத்திலேயே ‘மூன்று மாதம் இடைவெளி’ என்றும் ‘தொகையைக் குறைக்க’ என்றும் இரண்டு வழி வைத்தோம். கையில் கஷ்டம் வந்த பலர் அதைப் பயன்படுத்தி, பிறகு தாங்களாகவே திரும்பி வந்தார்கள். ‘மாதந்தோறும்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைப்பதை மட்டும் யாரும் எனக்கு நியாயப்படுத்த முடியாது. கவனிக்காத ஒருவரிடமிருந்து எடுக்கும் பணத்துக்கு நன்கொடை என்று பெயர் இல்லை.

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு வருகிறேன். படிவத்தைச் சரிசெய்ததும் முதல் அழைப்பு அவருக்குத்தான். “இப்ப பாருங்கம்மா” என்றேன். லைனில் இருந்தபடியே அனுப்பி முடித்தார். பிறகு மாதாமாதம் அனுப்புகிறேன் என்றார். ஆறாவது வாரம் அவருக்கும் மடல் போனது, வரலாற்றுப் பாடநூலின் ஓர் அத்தியாயத்தைப் பற்றி. அரை நிமிடத் துண்டு போதவில்லை, முழு அத்தியாயத்தையும் அனுப்ப முடியுமா என்று பதில் எழுதினார். அனுப்பினோம்.

இரண்டு நாள் கழித்து ஃபோன். “தம்பி, பன்னிரண்டாவது நிமிஷம் கேட்டுப் பாருங்க. பிரெஞ்சுப் புரட்சி 1789. உங்க பொண்ணு 1798னு வாசிக்கிறா. பரீட்சையில பிள்ளைங்க அப்படியே எழுதிடும்.”

போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. அந்த அத்தியாயத்தை மூன்று பேர் சரிபார்த்திருந்தார்கள், யாருக்கும் காதில் படவில்லை. அன்று இரவே அந்த வரியை மறுபடி பதிவு செய்தோம். இப்போது புதிதாகப் பதிவாகும் வரலாற்று நூல்கள் எல்லாம் மாணவர்களுக்குப் போவதற்கு முன் அவரிடம் போகின்றன. போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார், நான்கு பக்கம், நிமிடக் கணக்கோடு.